செய்யாத குற்றத்திலிருந்து மீள, சட்டத்தை மீறலாமா?

தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்த வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

நிறுவனம் சரக்கு வாங்கும் இடங்களுக்கு இணைய வங்கி மூலம் பணம் அனுப்பும் பொறுப்பு அவருடையது. அவர் தன் ஐடியில் பட்டியல் போட்டு வைப்பார், மேலாளர் தன் ஐடியில் ஒப்புதல் கொடுப்பார். ஒரே மாதத்தில் நான்கு முறை, வழக்கமாகச் சரக்கு தரும் நிறுவனத்தின் பெயரைப் போலவே இருந்த வேறொரு கணக்குக்குப் பெரிய தொகை போயிருக்கிறது. அந்தக் கணக்கைச் சேர்த்தது அவருடைய ஐடி. "அவரை நம்பி ஒப்புதல் கொடுத்துவிட்டேன்" என்கிறார் மேலாளர். இவரோ, தன் பாஸ்வேர்டு பிரிவில் எல்லாருக்கும் தெரியும், ஒரு தாளில் எழுதி மேஜை இழுப்பறையில்தான் கிடந்தது என்கிறார். மூன்றாவது முறை பணம் போன நாளில் காலையிலிருந்து மாலை வரை தாயாரோடு மருத்துவமனையில் இருந்ததாகவும் சொல்கிறார். இதைச் செய்தது மேலாளர்தான் என்பது அவருடைய உறுதியான சந்தேகம்.

இப்போது அவர் பணியிடை நீக்கத்தில் இருக்கிறார். எஃப்ஐஆர் பதிவாகிவிட்டது. அடுத்த வாரம் விசாரணைக்கு வரச்சொல்லி போலீஸ் நோட்டீஸ் வந்திருக்கிறது. பணியிடை நீக்கத்துக்குப் பிறகும் அலுவலக மென்பொருளில் அவருடைய கணக்கு முடக்கப்படாமல் இருந்ததால், ஓர் இரவு வீட்டிலிருந்தே உள்ளே நுழைந்து பார்த்திருக்கிறார். அந்தப் புதிய கணக்கு மேலாளருடைய கணினியிலிருந்து சேர்க்கப்பட்டதைக் காட்டும் மூன்று ஸ்கிரீன்ஷாட்டுகளைக் கைபேசியில் வைத்திருக்கிறார். இனி என்ன செய்யலாம் என்று மூன்று யோசனைகளைச் சொல்கிறார். ஒன்று, தெரிந்த காவலாளியின் உதவியோடு ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்துக்குள் போய் மேலாளரின் ஹார்ட் டிஸ்க்கை நகலெடுப்பது. இரண்டு, மருத்துவமனைச் சீட்டு தொலைந்துபோனதால், அங்கே வேலை பார்க்கும் அறிமுகக்காரர் மூலம் பழைய தேதியிட்டுப் புதுச் சீட்டு வாங்குவது. மூன்று, ஆதாரம் கைக்கு வரும்வரை நோட்டீஸுக்குப் போகாமல் உறவினர் வீட்டில் இருப்பது.

"நான் திருடவில்லை. திருடாதவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பூட்டைத் திறந்தால் அது குற்றமா? சட்டத்தை மதித்து உட்கார்ந்திருந்தால் அந்த ஆள் எல்லாவற்றையும் அழித்துவிடுவான்" என்று கேட்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் பயத்தைவிட அவமானம்தான் அதிகம் தெரிகிறது. தெருவில் நடக்கவே கூசுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். செய்யாத ஒன்றுக்காகத் தலைகுனிந்து நடப்பவருக்கு "பொறுமையாக இருங்கள்" என்ற சொல் எவ்வளவு எரிச்சல் தரும் என்று எனக்குத் தெரியும். அதனால் அதை நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் இந்த வாரமே செய்ய வேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன. ஆனால் நீங்கள் எழுதிய மூன்றில் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

முதலில் உங்கள் கேள்விக்கு நேரடியான பதில். ஆமாம், அது குற்றம்தான். முதல் வழக்கில் நீங்கள் நிரபராதி என்று தீர்ப்பு வந்தாலும், அதை நிரூபிப்பதற்காகச் செய்த குற்றம் தனி வழக்காக நிற்கும். ஒன்றில் கிடைத்த விடுதலை மற்றொன்றைக் கழுவிவிடாது. தீங்கைத் தடுப்பதற்காகக் குற்ற நோக்கமின்றிச் செய்த செயலுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் (ஐபிசி) 81, அதற்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 19ஆம் பிரிவு. தீப்பற்றிய வீட்டில் உயிரைக் காப்பாற்றக் கதவை உடைப்பவருக்காக எழுதப்பட்ட பிரிவு அது. கேட்டுப் பெற நீதிமன்றம் திறந்திருக்கும்போது, ஆதாரம் தேடப் பூட்டை உடைத்தவருக்கு அது கைகொடுக்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

திரைப்படங்களில் பழி சுமத்தப்பட்ட நாயகன் லாக்கப்பிலிருந்து தப்பி, வில்லனின் வீட்டுக்குள் நுழைந்து ஆதாரத்தோடு வருவான். போலீஸ் அதிகாரி கை குலுக்குவதோடு படம் முடிந்துவிடும். நிஜத்தில் அதற்கு மறுநாள் என்று ஒன்று இருக்கிறது. அந்த ஆதாரத்தைச் சாட்சிக் கூண்டில் நின்று நீங்கள் விளக்க வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி, "இது உங்கள் கைக்கு எப்படி வந்தது?" என்பதாகத்தான் இருக்கும்.

"சட்டவிரோதமாக எடுத்தாலும் கோர்ட்டில் செல்லுமாமே?"

நண்பர் ஒருவர் இப்படிச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னதில் பாதி சரி. நம் நாட்டில், எடுத்த விதம் தவறு என்பதற்காக மட்டும் ஓர் ஆதாரத்தை நீதிமன்றம் தூக்கி எறிவதில்லை. 1972இல் ஆர்.எம். மல்கானி வழக்கிலும், 1973இல் பூரண் மல் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். வழக்குக்குத் தொடர்புடையதா, உண்மையானதா என்பதையே பார்ப்பார்கள். 2019இல் ரஃபேல் போர் விமானக் கொள்முதல் பற்றிய மறுஆய்வு மனுக்களிலும், முறைகேடாக வெளியே வந்த ஆவணங்களைப் பார்க்கவே முடியாது என்ற அரசின் ஆட்சேபத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

நண்பர் சொல்லாமல் விட்ட மறுபாதிதான் உங்களுக்கு முக்கியம். ஆதாரம் ஏற்கப்படுவதால் அதை எடுத்தவரின் குற்றம் மன்னிக்கப்படுவதில்லை. அதோடு, ஏற்கப்படுவது வேறு, நம்பப்படுவது வேறு. குற்றம் சாட்டப்பட்டவரே இருட்டில் போய் எடுத்து வந்த ஒன்றை, "இவரே தயாரித்துக் கொண்டுவந்தார்" என்று ஒரே வாக்கியத்தில் சந்தேகத்துக்குரியதாக ஆக்கிவிடலாம். நீதிமன்றம் கேட்டு வங்கி அனுப்பும் ஒரு பக்கத் தாளை அப்படிச் சொல்லிவிட முடியாது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2019இல் பிர்லா கார்ப்பரேஷன் வழக்கில், ஒரு நிறுவனத்தின் ஆவண நகல்களை எதிர்த்தரப்பினர் தங்கள் வழக்கை நிலைநாட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அவர்கள்மேல் திருட்டுக் குற்றச்சாட்டு வந்தது. நல்லெண்ணத்தோடு தன் உரிமையை நிலைநாட்ட நீதிமன்றத்தில் ஆவணத்தைப் பயன்படுத்துவதில் நேர்மையற்ற நோக்கம் இல்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. வேலையில் இருந்தபோது முறையாக உங்களுக்கு வந்த மின்னஞ்சல்கள், உங்களிடம் ஏற்கனவே இருக்கிற நகல்கள் விஷயத்தில் இந்தத் தீர்ப்பு உங்கள் வழக்கறிஞருக்கு உதவலாம். அவற்றைப் பத்திரமாக வைத்து அவரிடம் காட்டுங்கள். அதற்காக, இனிமேல் உள்ளே புகுந்து எடுத்து வருவதற்கு இதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏற்கனவே செய்துவிட்ட லாகின்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இது நடந்து முடிந்துவிட்டது. உங்கள் தரப்பின் பெரிய பலம் என்ன? "என் ஐடியை வேறு யாரோ பயன்படுத்தினார்கள்" என்பதுதானே? அந்த ஐடியில் பணியிடை நீக்கத்துக்குப் பிறகு, உங்கள் வீட்டு இணைய இணைப்பிலிருந்து, நள்ளிரவில் நுழைந்த பதிவு ஒன்று இப்போது அந்த சர்வரில் இருக்கிறது. அது உண்மையில் நீங்கள்தான். நேற்றுவரை சந்தேகத்துக்குரிய நான்கு பதிவுகள் மட்டும் இருந்த இடத்தில், உங்களுடையது என்று யாரும் சுலபமாக நிரூபிக்கக்கூடிய ஐந்தாவதை நீங்களே சேர்த்திருக்கிறீர்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி, உரியவரின் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதும் தகவல் எடுப்பதும் தவறு. அதையே நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ செய்தால், 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்களுக்கு நேர்மையற்ற நோக்கம் இல்லை என்று வாதாட இடமிருக்கிறது. பணியிடை நீக்கம் செய்தவர்கள் கணக்கை முடக்காமல் விட்டது அவர்களுடைய பாதுகாப்பின் லட்சணத்தையும் காட்டுகிறது. ஆனால் இவையெல்லாம் உங்கள் வழக்கறிஞர் பேச வேண்டியவை. நீங்களாக யாரிடமும் விளக்கம் சொல்லப் போகாதீர்கள்.

இனி செய்ய வேண்டியது இதுதான். மறுபடி ஒருமுறைகூட உள்ளே போகாதீர்கள், இன்னும் முடக்கவில்லையா என்று பார்ப்பதற்காகக்கூட. பயந்துபோய் ஸ்கிரீன்ஷாட்டுகளை அழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. சாட்சியமாகக் கேட்கப்படக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை தண்டனைக்குரிய தனிக் குற்றம். அந்தக் கைபேசியை ஃபார்மேட் செய்யாதீர்கள், விற்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டுகளை யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். நடந்ததை ஒன்றுவிடாமல் உங்கள் வழக்கறிஞரிடம் மட்டும் சொல்லுங்கள். ஏற்கனவே நடந்ததைப் பற்றி ஆலோசனை கேட்டு வழக்கறிஞரிடம் நீங்கள் சொல்வது சட்டப்படி ரகசியம். உங்கள் சம்மதமில்லாமல் அவர் அதை வெளியில் சொல்லக் கூடாது. இனிமேல் செய்யப்போகும் குற்றத்துக்கு உதவி கேட்டால் மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளில் ஒரு பயன் இருக்கிறது. சர்வரில் எந்த இடத்தில் எதைத் தேட வேண்டும் என்று இப்போது உங்கள் வழக்கறிஞருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைத் திட்டம்

அந்தக் கணினியில் உங்கள் பென்டிரைவைச் செருகிய நொடியில், இன்ன கருவி இந்த நேரத்தில் இணைக்கப்பட்டது என்று கணினியே குறித்துக்கொள்ளும். கோப்புகளைத் திறந்தால் நேரப் பதிவுகள் மாறக்கூடும். தடயவியல் ஆய்வகத்தில் ஹார்ட் டிஸ்க்கை நேரடியாகத் திறக்கவே மாட்டார்கள். எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி ஒன்றை இடையில் வைத்து முழுப் பிரதி எடுத்து, அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஓர் அடையாள எண்ணை, குறித்துவைப்பார்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணு ஆதாரத்தோடு தர வேண்டிய சான்றிதழிலும் இந்த மதிப்பைக் குறிப்பிட வேண்டும்.

நாளை அந்தக் கணினி ஆய்வகத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எஃப்ஐஆர் பதிவான பிறகு, ஒரு விடுமுறை நாளில், வெளியாள் ஒருவரின் கருவி இதில் இணைக்கப்பட்டிருக்கிறது என்று அறிக்கை வரும். மேலாளர் அதுவரை என்ன சொல்லித் தப்பிப்பது என்று தெரியாமல் இருந்திருக்கலாம். இப்போது, "என் கணினியில் இருப்பதெல்லாம் அவர் அன்று வந்து போட்டது" என்று சொல்ல நீங்களே வழி செய்து கொடுத்திருப்பீர்கள். உங்களை விடுவிக்க உதவியிருக்கக்கூடிய ஒரு பொருள், நீங்கள் தொட்ட காரணத்தாலேயே பயனற்றுப் போகும். அத்துமீறி நுழைந்தது, தகவல் எடுத்தது, சாட்சியத்தைக் கலைத்தது என்று புதிய குற்றச்சாட்டுகளும் சேரும். கேமரா பதிவு, காவலாளியின் வாக்குமூலம் என்று அந்த வழக்கில் எல்லாமே உங்களுக்கு எதிராகத் தெளிவாக இருக்கும்.

அந்தக் காவலாளியைப் பற்றியும் நினைத்துப் பாருங்கள். இரக்கப்பட்டுக் கதவைத் திறப்பவர் உங்களோடு சேர்ந்து குற்றவாளியாகிறார். வேலை போகும், வழக்கறிஞர் வைக்க வசதியும் இருக்காது. உங்களுக்கு நடந்த அநியாயத்துக்கு அவர் விலை கொடுக்க வேண்டாம்.

தேதி மாற்றிய சீட்டு

மூன்று யோசனைகளில் எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான், ஏனென்றால் இதில் தவறே இல்லை என்று நினைக்கிறீர்கள். "நான் அன்று மருத்துவமனையில் இருந்தது உண்மைதானே, உண்மையைத்தானே எழுதச் சொல்கிறேன்" என்கிறீர்கள். சீட்டில் சொல்லியிருக்கும் செய்தி உண்மையாக இருக்கலாம். ஆனால் அன்று எழுதப்படாத சீட்டை அன்று எழுதியதாகக் காட்டுவது பொய்யான சாட்சியத்தைத் தயாரிப்பது. நீதிமன்ற நடவடிக்கைக்காக அப்படிச் செய்தால் நியாய சன்ஹிதாவின் 229ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. உங்கள் மேல் இப்போது இருக்கும் ஊழியர் நம்பிக்கை மோசடிக் குற்றச்சாட்டு 316ஆம் பிரிவின் 4ஆவது உட்பிரிவில் வரும், அதற்கும் அதிகபட்சம் 7 ஆண்டுதான். செய்யாத குற்றத்திலிருந்து தப்ப, அதே அளவு தண்டனைக்குரிய ஒன்றை நிஜமாகவே செய்யப் போகிறீர்கள்.

மாட்டிக்கொள்ளாமல் இருக்கவும் வாய்ப்பு குறைவு. புறநோயாளிச் சீட்டுக்கு வரிசை எண் இருக்கும். எதிர்த்தரப்பு அந்த நாளின் பதிவேட்டை வரவழைத்தால், உங்கள் எண்ணுக்கு முன்னும் பின்னும் இருப்பவர்கள் யார் என்று தெரிந்துவிடும். அந்தச் சீட்டு பொய் என்று ஆன பிறகு, நீங்கள் உண்மையிலேயே அங்கே இருந்தீர்கள் என்பதை யாரும் நம்ப மாட்டார்கள்.

தொலைந்தது ஒரு சீட்டுதான். அந்த நாள் எங்கெங்கோ பதிவாகித்தான் இருக்கிறது. மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் தாயாரின் பெயரிலும் தேதியிலும் விண்ணப்பம் கொடுத்து முறையான நகல் கேளுங்கள். அதில் இன்றைய தேதியும் "நகல்" என்ற முத்திரையும் இருக்கும். அப்படி இருப்பதுதான் அதற்கு மதிப்பு. ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் மாதிரி எடுத்த நேரம் நிமிடம் வரை அறிக்கையில் இருக்கும். மருந்தகப் பில், யுபிஐ மூலம் கட்டிய பணம், வாகன நிறுத்தக் கட்டணம், சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக்கில் கழிந்த தொகை, கைபேசியில் அன்று எடுத்த ஒரு படம் என எல்லாமே பேசும். இவையெல்லாம் தாயார் அங்கே இருந்ததைத்தான் காட்டும், உங்களைக் காட்டாது என்று சொல்வார்கள். அதற்குத்தான் உங்கள் கைபேசியின் டவர் விவரம். தொலைபேசி நிறுவனங்கள் அழைப்பு விவரப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது 2021 டிசம்பர் முதல் உரிம விதி. அவற்றை நீதிமன்றம் மூலம் வரவழைக்கலாம்.

நோட்டீஸுக்குப் போகாமல் இருப்பது

உங்களுக்கு வந்திருப்பது, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆம் பிரிவு, 3ஆவது உட்பிரிவு நோட்டீஸ். பலர் இதைக் கைதுக்கான முன்னறிவிப்பு என்று நினைத்துக் கலங்குகிறார்கள். உண்மையில், இதற்குக் கட்டுப்பட்டு ஆஜராகிக்கொண்டிருக்கும் வரை, காரணத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் உங்களைக் கைது செய்யக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்குகளில் கைது என்பது இயந்திரத்தனமாக நடக்கக் கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. போகாமல் இருந்தாலோ, அதுவே கைதுக்கு வழியாகிவிடும். இப்போது உங்கள் பக்கம் நிற்கும் ஒரு பாதுகாப்பை நீங்களே கைவிட்டது போலாகும்.

ஓடிப்போவதே குற்றத்துக்கு நிரூபணம் ஆகாது என்பது உண்மை. 1971இல் மாத்ரு வழக்கில், கடுமையான குற்றத்தில் தவறாகச் சந்தேகிக்கப்படும் நிரபராதியும் பீதியில் தலைமறைவாகலாம், அது மனித இயல்பு என்று உச்ச நீதிமன்றம் புரிந்துகொண்டு பேசியது. ஆனால் இந்தப் புரிதல் கிடைப்பது விசாரணை முடிந்து தீர்ப்பு எழுதும் கட்டத்தில். அதற்கு முன்னால் வாரண்ட் வரும், குறித்த நாளில் ஆஜராகச் சொல்லி நீதிமன்றம் பகிரங்கமாக அறிவிக்கும் பிரகடனம் வரும், சொத்து முடக்கம் வரலாம். பிரகடனத்துக்குப் பிறகும் ஆஜராகாவிட்டால் அதற்கே 3 ஆண்டு வரை சிறை உண்டு. தலைமறைவாகிப் பிரகடனம் செய்யப்பட்டவருக்குப் பொதுவாக முன்ஜாமீன் கிடைக்காது என்று 2012இல் லவேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. வீட்டில் தங்கவைக்கும் உறவினருக்கும் சிக்கல் வரும்.

கைது பயம் இருந்தால் அதற்கென்று இருப்பது முன்ஜாமீன். சுரக்ஷா சன்ஹிதாவின் 482ஆம் பிரிவில் செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ, நோட்டீஸ் தேதிக்கு முன்பே மனு போடலாம். "முன்ஜாமீன் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா" என்று உங்கள் மனைவி கேட்டிருக்கிறார். ஆகாது என்று அவரிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

ஆதாரம் அழியாமல் பார்ப்பது எப்படி

"அந்த ஆள் அழித்துவிடுவான்" என்ற உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அவரால் அழிக்க முடிவது அலுவலகத்துக்குள் இருப்பதை மட்டும்தான். இந்த வழக்கின் முக்கியமான ஆதாரம் அலுவலகத்துக்கு வெளியே இருக்கிறது.

அந்த நான்கு பரிவர்த்தனைகளும் எந்த ஐபி முகவரியிலிருந்து நடந்தன, புதிய கணக்கு எந்த நாளில் எத்தனை மணிக்குச் சேர்க்கப்பட்டது, ஒப்புதலுக்கான ஓடிபி எந்த எண்ணுக்குப் போனது என்பதெல்லாம் வங்கியின் சர்வரில் இருக்கின்றன. மேலாளர் அங்கே கைவைக்க முடியாது. அதைவிட முக்கியம், பணம் போய்ச் சேர்ந்த கணக்கு. அதைத் திறந்தவர் கேஒய்சிக்குக் கொடுத்த புகைப்படம், அடையாள அட்டை, கைபேசி எண் எல்லாம் அந்த வங்கியில் இருக்கும். பணம் எந்த ஏடிஎம்மில் எடுக்கப்பட்டது, அல்லது அங்கிருந்து வேறு எந்தக் கணக்குக்குப் போனது என்பதும் தெரியும். உங்கள் ஐடி பயன்பட்டதை வைத்து உங்களைச் சந்தேகிக்கிறார்கள். பணம் உங்களிடமோ உங்களைச் சேர்ந்தவர்களிடமோ வரவில்லை என்று தடம் காட்டினால் அந்தச் சந்தேகத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும்.

அவசரம் கேமரா பதிவுகளுக்குத்தான். அலுவலகத்திலும் ஏடிஎம்மிலும் பழைய பதிவின் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் இந்த வாரமே உங்கள் வழக்கறிஞர் மூன்று கடிதங்கள் அனுப்பட்டும். ஒன்று நிறுவனத்துக்கு, ஒன்று வங்கிக்கு, ஒன்று விசாரணை அதிகாரிக்கு. எந்தத் தேதியின் எந்தப் பதிவுகளை அழியாமல் வைத்திருக்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கும் கடிதங்கள். ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். விசாரணை அதிகாரிக்குக் கொடுப்பதில் நேரில் கொடுத்த பிரதி ஒன்றும் இருக்கட்டும், பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதம் கிடைத்த பிறகு பதிவு காணாமல் போனால், அப்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் அதை வைத்திருந்தவர்கள்.

போலீஸ் தேடாவிட்டால்? அதற்கும் வழி இருக்கிறது. விசாரணை சரியாக நடக்கவில்லை என்று மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம். உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். குற்றப்பத்திரிகை வந்த பிறகும், குற்றச்சாட்டு வனையப்படும் வரை, அதாவது எந்தக் குற்றங்களுக்காக வழக்கு நடக்கும் என்று நீதிமன்றம் முறையாகப் பதிவு செய்யும் வரை, மேல்விசாரணைக்கு உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு என்று 2019இல் வினுபாய் மாளவியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆவணங்களை வரவழைக்க சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் அதைக் கேட்கும் உரிமை பொதுவாக எதிர்வாதக் கட்டத்தில்தான் முழுதாக வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுக்க முடியாத தரத்தில் ஒரு ஆவணம் இருந்து, போலீஸ் அதை மறைத்திருந்தால் முன்கூட்டியே வரவழைக்கலாம் என்று 2017இல் நித்ய தர்மானந்தா வழக்கில் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். வங்கி சர்வர் பதிவு அந்த வகையில் வரும் என்று வாதாட நல்ல இடமிருக்கிறது. குற்றப்பத்திரிகையின் நகல்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள், வழக்கிலிருந்து விடுவிக்கக் கோரி அதே சட்டத்தின் 262ஆம் பிரிவில் மனு போடலாம். இந்தக் கெடு புதிய சட்டத்தில் வந்தது. பலர் கவனிக்காமல் தவறவிடுகிறார்கள்.

மேலாளருக்கு போன் செய்து பேச்சுக் கொடுத்து ரகசியமாகப் பதிவு செய்யலாமா என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். உங்கள் பேச்சை நீங்களே பதிவு செய்வதில் சட்டச் சிக்கல் குறைவு என்றாலும், அவர் இந்த வழக்கில் சாட்சி. கோபத்தில் "உண்மையைச் சொல், இல்லாவிட்டால்" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், சாட்சியை மிரட்டினார் என்று ஜாமீனுக்கே ஆட்சேபம் வரும்.

நீண்ட பாதைதான்

நீதிமன்ற வழி வேகமானது என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனமில்லை. இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994இல் உளவு வழக்கில் கைது செய்யப்பட்டார். அந்த வழக்கு பொய் என்று 1996இலேயே சிபிஐ அறிக்கை கொடுத்துவிட்டது. அவருக்கு நேர்ந்த கொடுமைக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச்சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2018இல். அத்தனை ஆண்டுகள் ஒரு மனிதர் காத்திருக்க நேர்ந்தது நம் அமைப்பின் தோல்வி. தவறாக வழக்கில் சிக்கவைக்கப்படுகிறவர்களுக்கு இழப்பீடு தரத் தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் அதே 2018இல் தன் 277ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அந்தச் சட்டம் வந்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அவருடைய போராட்டத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர் நீதி கேட்டுப் போராடியது நீதிமன்றங்கள் வழியாகத்தான்.

விடுதலைக்குப் பிறகு உங்களுக்கும் உரிமைகள் உண்டு. பொய் என்று தெரிந்தே குற்றம் சுமத்தியவர்மேல் நியாய சன்ஹிதாவின் 248ஆம் பிரிவில் நடவடிக்கை கோரலாம். தீய நோக்கத்தோடு வழக்கில் சிக்கவைத்ததற்காக நஷ்டஈடு கேட்டு, விடுதலையான ஓர் ஆண்டுக்குள் சிவில் வழக்குப் போடலாம். ஆனால் புகார் கொடுத்தவர் உங்களை நிஜமாகவே சந்தேகித்திருந்தால் இவை நிற்காது. நிறுவனத்தின் முதலாளிகள் ஏமாற்றப்பட்டவர்களாகவும் இருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள். மேலாளர்தான் செய்தார் என்று நீங்கள் உறுதியாக நம்புகிறீர்கள். உங்கள் பாஸ்வேர்டு பிரிவில் எல்லாருக்கும் தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வேறு யாராகவும் இருக்கலாம். யார் செய்தது என்று நிரூபிப்பது உங்கள் கடமை இல்லை. உங்கள்மேல் சொல்வதைச் சந்தேகமில்லாமல் நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. அந்தச் சுமையை நீங்களாக எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பேசலாம். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் அவர்களுடைய அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். இலவச வழக்கறிஞருக்கான வருமான வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்ப்பதில்லை. வழக்கறிஞரைச் சந்திக்கும் முன், அந்த மாதம் நடந்ததையெல்லாம் தேதி வாரியாக, பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும் என்பது உட்பட, கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டை அப்படி வைத்திருந்தது கவனக்குறைவு. அதற்காக வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், உங்கள் தரப்பு நிற்பதே அந்த உண்மையில்தான்.

நோட்டீஸ் நாளன்று குறித்த நேரத்துக்குப் போங்கள், வழக்கறிஞரோடு போக முடிந்தால் நல்லது. உங்களைக் குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அரசியலமைப்பின் 20ஆவது பிரிவு உரிமை தருகிறது. பேசுவதாக இருந்தால் உண்மையை மட்டும் பேசுங்கள். போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வெற்றுத் தாளில் எந்தக் காரணத்துக்கும் போடாதீர்கள். ஆஜரானதை எழுத்தில் பதிவு செய்யக் கேளுங்கள். அதற்கு முன்னால், அந்தக் காவலாளிக்கும் மருத்துவமனை அறிமுகக்காரருக்கும் "வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் வழக்கைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.